எண்ணெய்த் தட்டும் செக்ஸ்டன்ட்டும்: நிலை தவறினால் எங்கே தேடுவது

கிருஷ்ணகிரியிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வணிகக் கப்பலுக்குப் போன பிள்ளைகள் விடுமுறையில் ஊருக்கு வந்தால், தேர்வுக்கு முன் செக்ஸ்டன்ட் (சூரியன், விண்மீன்களின் உயரக் கோணத்தை அளந்து நாம் இருக்கும் இடத்தைக் கணிக்க உதவும் கருவி) பழக என் வீட்டு மொட்டை மாடிக்கு வருவது வழக்கம். கடல் இல்லாத ஊர் இது. எந்தப் பக்கம் திரும்பினாலும் குன்றுகள். கடலில் உயரத்தைத் தொடுவானத்திலிருந்து அளப்பார்கள்; இங்கே தொடுவானம் என்று ஒன்று கிடையாது. அதனால் ஓர் அகலத் தட்டில் எண்ணெய் ஊற்றி வைத்து, வானத்துச் சூரியனையும் எண்ணெயில் தெரியும் சூரியனையும் செக்ஸ்டன்ட்டில் ஒன்றுசேர்த்து அளக்கிறோம். அளந்த கோணத்தில் பாதிதான் சூரியனின் உயரம்.

கணக்கை முடித்ததும் வருகிற கேள்வி எப்போதும் ஒன்றுதான். "சார், இடம் தப்பாக வருகிறது. கருவியில் கோளாறா?" பெரும்பாலும் கருவியில் கோளாறு இருப்பதில்லை. கேட்டுக்கொண்டே ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கண்ணாடியைத் திருகுகிறார்களே, அதற்குப் பிறகுதான் கோளாறு வருகிறது. பிழை எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு சாய்கிறது என்று தாளில் பாருங்கள். அது எங்கிருந்து வருகிறது என்று அந்த இரண்டு விவரங்களே காட்டிக்கொடுத்துவிடும். திருகாணியைத் தொடுவது கடைசி வேலை.

பாகையை அறுபதாகப் பிரித்தால் வருவதைக் 'கலை' என்றே எழுதுகிறேன். நிமிடம் என்று எழுதினால் கடிகார நிமிடத்தோடு குழம்பும். உயரத்தில் ஒரு கலை பிழைத்தால் நிலைக்கோடு (ஓர் அளவீட்டின்படி நாம் எங்கோ ஓரிடத்தில் நிற்க வேண்டிய கோடு) ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர் தள்ளிப்போகும்.

## எதையும் தொடுவதற்கு முன்

கடலில் கிடைக்காத ஒரு வசதி மாடியில் உண்டு. நிற்கிற இடம் நமக்கு முன்கூட்டியே தெரியும். கிருஷ்ணகிரி நகரம் ஏறக்குறைய 12 பாகை 31 கலை வடக்கு, 78 பாகை 13 கலை கிழக்கு. தர்மபுரி 12 பாகை 8 கலை வடக்கு, 78 பாகை 10 கலை கிழக்கு அருகே. உங்கள் மாடிக்குக் கைப்பேசி காட்டும் எண்களையே கணக்கில் அனுமான நிலையாக, அதாவது கணக்கைத் தொடங்கும் இடமாக, வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒவ்வோர் அளவீட்டுக்கும் வருகிற இன்டர்செப்ட், அதாவது கண்ட உயரத்துக்கும் கணக்கில் வந்த உயரத்துக்கும் உள்ள வித்தியாசம், அந்த அளவீட்டின் பிழையேதான். வரைபடம்கூட வேண்டாம்.

கண்ட உயரம் கணக்கில் வந்த உயரத்தைவிடக் கூடுதல் என்றால் 'நெருங்கு', குறைவு என்றால் 'விலகு'. ஒரு நாள் முழுக்க எடுத்த அளவீடுகளை, அந்தந்த வான்பொருளின் திசையோடு ஒரே தாளில் எழுதுங்கள். எல்லாத் திசையிலும் ஒரே குறி, ஒரே அளவு என்றால் உயரத் திருத்தத்தில் தவறு. கிழக்கே நெருங்கு, மேற்கே விலகு, அல்லது இதற்கு நேர்மாறாக வந்தால் நேரத்தில் தவறு. ஒரே ஒரு விண்மீன் மட்டும் தனியே விலகி நின்றால் அந்த விண்மீனின் அடையாளமோ அல்மனாக் (வான்பொருள்களின் இருப்பிடத்தை நாள்வாரியாகத் தரும் ஆண்டுக் கையேடு) பக்கமோ தவறு. ஒழுங்கே இல்லாமல் சிதறினால் உங்கள் கை, காற்று, எண்ணெய்த் தட்டு, இவைதான் காரணம். கீழே உள்ள தலைப்புகளில் உங்களுடையதை இந்தத் தாளை வைத்துக்கொண்டு தேடுங்கள்.

## நிலை வேறு நாட்டில், வேறு கடலில் போய் விழுகிறது

இது நல்ல பிழை. பெரிதாக இருப்பதால் ஒளிய முடியாது.

முதலில் நேர மாற்றம். இந்திய நேரத்திலிருந்து 5 மணி 30 நிமிடம் கழித்தால் கிரீன்விச் நேரம். கழிக்க மறந்தால் தீர்க்கரேகை 82 பாகை 30 கலை மேற்கே தாவும். கிருஷ்ணகிரி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்விடும். கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிட்டால் மத்திய அமெரிக்காவில், நிகராகுவா பக்கம். 5 மணி மட்டும் கழித்து அரை மணியை விட்டால் லட்சத்தீவுக்கும் மேற்கே அரபிக் கடலில். 6 மணி கழித்தால் வங்காள விரிகுடா நடுவில். இந்த நான்கையும் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அட்சரேகை ஓரளவு சரியாக இருந்து தீர்க்கரேகை மட்டும் 7 பாகை 30 கலை தவறினால் வேறு எதையும் தேட வேண்டாம், அரை மணியைத் தேடுங்கள்.

அடுத்து தேதி. நள்ளிரவு தாண்டி, காலை 5.30-க்குள் எடுத்த அளவீட்டுக்குக் கிரீன்விச்சில் முந்தைய நாள் தேதி. விடியற்காலை 5.15-க்கு விண்மீன் எடுத்தால் அங்கே நேற்று இரவு 11.45. இதை மறந்து இன்றைய பக்கத்தைப் பார்த்தால் விண்மீன் கணக்கு 59 கலை பிசகும். நிலை சுமார் 107 கிலோமீட்டர் மேற்கே, பெங்களூரையும் தாண்டி ராமநகரம் பக்கம் போய் உட்காரும்.

பிறகு கூட்டலும் கழித்தலும். நமக்குக் கிழக்குத் தீர்க்கரேகை. கிரீன்விச் மணிக்கோணத்தோடு (கிரீன்விச்சுக்கு மேற்கே வான்பொருள் எத்தனை பாகையில் இருக்கிறது என்று அல்மனாக் தரும் எண்) அதைக் கூட்ட வேண்டும். மேற்குத் தீர்க்கரேகைக்குப் போட்ட மாதிரிக் கணக்கைப் பார்த்துப் படித்தவர்கள் பழக்கத்தில் கழித்துவிடுகிறார்கள். செப்டம்பர் 23-க்குப் பிறகு மார்ச் வரை சூரியனின் நடுவரை விலக்கம் (நடுவரையிலிருந்து வடக்கே அல்லது தெற்கே விலகி நிற்கும் கோணம்) தெற்கு. அதற்குக் கழித்தல் குறி போட்டீர்களா என்றும் பாருங்கள்.

கடைசியாகக் கால்குலேட்டர். ரேடியனில் நிற்கிறதா என்று பாருங்கள். அதைவிட அதிகம் நடப்பது ஒன்று உண்டு: 12 பாகை 31 கலையை 12.31 என்று தட்டுவது. சரியான எண் 12.517. தர்மபுரிக்காரர்களுக்கு இது இன்னும் மோசம். 12 பாகை 8 கலையை 12.8 என்று தட்டினால் 12 பாகை 48 கலை ஆகிவிடும். அனுமான நிலை 40 கலை வடக்கே, ஓசூரின் அட்சரேகையையும் தாண்டிப்போய் நிற்கும்; வருகிற இன்டர்செப்ட்டுக்கு எந்தப் பொருளும் இருக்காது.

## கிழக்கு மேற்காக மட்டும் தள்ளிப்போகிறது

காலையில் எடுத்த சூரியன் 'நெருங்கு', மாலையில் எடுத்தது 'விலகு', இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. கடிகாரம் பின்தங்குகிறது. மாறி வந்தால் கடிகாரம் முந்துகிறது.

நம் அட்சரேகையில் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 450 மீட்டர். ஒரு முழு நிமிடம் பிசகினால் 27 கிலோமீட்டர். கடிகாரம் ஒரு நிமிடம் பின்தங்கினால் நிலை பர்கூரைத் தாண்டித் திருப்பத்தூர் வழியில் விழும். முந்தினால் ஓசூர்த் திசையில் போகும்.

செலவில்லாத காரணம் எழுதுகிற ஆள். "இப்போது" என்று நீங்கள் சொன்னதும் நண்பர் முதலில் மணியைப் பார்க்கிறார், பிறகு நிமிடம், பிறகு வினாடி. அதற்குள் வினாடி ஓடிவிடுகிறது. வினாடியை முதலில் எழுதச் சொல்லுங்கள், பிறகு நிமிடம், கடைசியில் மணி. முள் கடிகாரமாக இருந்தால் வினாடி முள் 50-ஐத் தாண்டும்போது நிமிட முள் அடுத்த கோட்டைத் தொடுவது போலத் தெரியும். சரியாக 27 கிலோமீட்டர் பிழை வந்தால் அந்த இடம்தான். எண் கடிகாரம் வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலே இல்லை.

அடுத்தது நேரம் பார்த்து வைத்த மூலம். வலைத்தொடர்பில் இருக்கும் கைப்பேசி நம் வேலைக்குப் போதும். தொலைக்காட்சியின் மணியையும் இணையம் வழியாக வரும் வானொலியின் மணியொலியையும் நம்பாதீர்கள். அவை பல வினாடிகள் தாமதமாக வந்து சேர்கின்றன. கைக்கடிகாரத்தை அடிக்கடி திருத்தி வைப்பதும் தவறு. திருத்தாமல் விட்டு, தினமும் ஒரே நேரத்தில் எத்தனை வினாடி முந்துகிறது அல்லது பிந்துகிறது என்று எழுதி வாருங்கள். பத்து நாளில் அதன் போக்கு பிடிபட்டுவிடும். ஒழுங்காகப் பிந்துகிற கடிகாரம் நல்ல கடிகாரம்தான்.

இதெல்லாம் சரி, ஆனாலும் கிழக்கு மேற்காகத் தள்ளுகிறது என்றால், நீங்கள் எண்ணெய்க்குப் பதிலாகக் கருங்கல் பலகை வைத்திருக்கிறீர்களா? நம் மாவட்டத்தில் மெருகேற்றிய கருப்புக் கிரானைட் எங்கும் கிடைக்கிறது. முகம் பார்க்கலாம் போல மின்னுகிறது. கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துச் சமன் செய்தேன் என்று ஒரு பையன் பெருமையோடு கொண்டுவந்தான். அவன் யோசித்ததில் குறையில்லை. ஆனால் மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் சாய்ந்தாலே உயரம் 1.7 கலை பிசகும், அது 3 கிலோமீட்டருக்கு மேல். சாய்வு கிழக்கு மேற்காக இருந்தால் கடிகாரப் பிழை போலவே வேடமிட்டு வரும். பலகையைச் சமன் திருத்தாமல் அப்படியே அரைவட்டம் திருப்பி வைத்து மறுபடி அளந்து பாருங்கள். பிழையின் குறி மாறினால் கடிகாரத்தின் மேல் தவறில்லை. திரவம் தானே சமன் ஆகும். கல்லைத் தட்டுக்குக் கீழே பீடமாகப் போட்டுக்கொள்ளுங்கள், அதற்கு அதைவிட நல்லது கிடையாது.

## எல்லாத் திசையிலும் ஒரே அளவு தவறுகிறது

எல்லாமே 'நெருங்கு', அல்லது எல்லாமே 'விலகு'. நேரமும் அல்மனாக்கும் சரியாக இருக்கின்றன. உயரத்தைத் திருத்திய வழியில் எங்கோ தவறு. எவ்வளவு என்று பாருங்கள்.

32 கலை என்றால் சூரியனின் கீழ் விளிம்பை மேல் விளிம்பு என்று எடுத்துக்கொண்டீர்கள், அல்லது மாற்றி. 16 என்றால் அரைவிட்டத்தை (சூரிய வட்டின் நடுவுக்கும் விளிம்புக்கும் உள்ள கோணம்) சேர்க்கவே இல்லை. 8 என்றால் கோணத்தைப் பாதியாக்குவதற்கு முன்பே அரைவிட்டத்தைச் சேர்த்துவிட்டீர்கள். 2 அல்லது 3 கலை எல்லாப் பக்கமும் 'விலகு' என்றால், எண்ணெய்த் தட்டுக்குத் தேவையே இல்லாத கண்ணுயரத் திருத்தத்தை (கண் உயரத்தில் இருப்பதால் கடல் தொடுவானம் தாழ்ந்து தெரிவதற்கானது) கழித்திருக்கிறீர்கள். தரையிலிருந்து கண் 2 மீட்டர் உயரம் என்று அட்டவணையில் பார்த்தால் 2.5 கலை வரும். கப்பலில் பழகிய கை அதைத் தன்னையறியாமல் செய்துவிடும்.

விளிம்புக் குழப்பம் எண்ணெய்த் தட்டில் மிக எளிதாக வரும், ஏனென்றால் இரண்டு சூரியன்களில் எது எது என்று தெரிவதில்லை. செக்ஸ்டன்ட்டின் கண்ணாடி கொண்டுவந்த சூரியன் மேலே இருந்து, அதன் அடிப்பகுதி எண்ணெய்ச் சூரியனின் உச்சியைத் தொட்டால் அது கீழ் விளிம்பு. சந்தேகம் வந்தால் கருவியை அசைக்காமல் கொஞ்சம் காத்திருங்கள். முற்பகலில் இரண்டும் விலகிப் போனால் கீழ் விளிம்பு, ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் மேல் விளிம்பு. பிற்பகலில் இது தலைகீழ். எனக்குப் பிடித்த வழி வேறு. இரண்டு வட்டுகளையும் முழுமையாக ஒன்றன்மேல் ஒன்று பொருத்திவிட்டால் அரைவிட்டத் திருத்தமே வேண்டாம். இரண்டுக்கும் வேறு வேறு நிறத்தில் வடிகண்ணாடி (ஒளியைக் குறைக்கும் நிறக் கண்ணாடி) போட்டால் பொருந்தும் கணத்தில் நிறம் ஒன்றாகும். எண்ணெயில் தெரியும் சூரியனும் சூரியனே. அந்தப் பக்கத்துக்கும் வடிகண்ணாடி இல்லாமல் கருவியின் தொலைநோக்கிக் குழாயில் கண்ணை வைக்காதீர்கள். கீறலோ வெடிப்போ விழுந்த வடிகண்ணாடியோடு சூரியனை எடுக்கவே வேண்டாம்.

மேலே சொன்ன எண்களில் எதுவும் பொருந்தவில்லை, ஒன்றிரண்டு கலை மட்டும் பிசகுகிறது என்றால் இன்டெக்ஸ் பிழையை (பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் கருவி காட்டும் வித்தியாசம்) பாருங்கள். திருத்தும் வரிசை முக்கியம்: முதலில் இன்டெக்ஸ் பிழை, பிறகு பாதியாக்குவது, பிறகு ஒளிவிலகல், பிறகு அரைவிட்டம். இன்டெக்ஸை மறந்தாலும், பாதியாக்கிய பிறகு முழுதாகச் சேர்த்தாலும், அதில் பாதி அளவு பிழை மிஞ்சும். குறியை மாற்றிப் போட்டால் முழு அளவும் மிஞ்சும்.

இன்டெக்ஸை அளப்பதற்குச் சூரியனையே பயன்படுத்துங்கள். நேரே தெரியும் சூரியனையும் கருவியின் கண்ணாடி கொண்டுவரும் சூரியனையும் விளிம்போடு விளிம்பு, ஒரு முறை மேலே, ஒரு முறை கீழே தொடவைத்து எழுதுங்கள். பூஜ்யத்துக்கு உள்பக்கம் (அளவுகோலில் எண்கள் ஏறும் பக்கம்) 34.2 கலை, வெளிப்பக்கம் 29.8 கலை என்று வந்தது என வைத்துக்கொள்வோம். வித்தியாசத்தில் பாதி 2.2, உள்பக்கம், கழிக்க வேண்டும். அளந்தது சரியா என்று இங்கேயே சோதிக்கலாம். இரண்டையும் கூட்டி நான்கால் வகுத்தால் 16.0. அன்றைய சூரிய அரைவிட்டமாக அல்மனாக் தருகிற எண்ணோடு இது ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் வெளிப்பக்க அளவைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள். அந்தப் பக்கம் கலைகளைக் காட்டும் உருளை 30.2 காட்டினால் அது 60-லிருந்து கழித்து 29.8.

3 கலைக்குள் இருக்கும் இன்டெக்ஸ் பிழையைத் திருகிச் சரிசெய்ய வேண்டாம். தெரிந்த பிழை கணக்கில் கழிந்துவிடும்.

## ஒரே பொருளைத் தொடர்ந்து எடுத்தால் எண்கள் சிதறுகின்றன

ஐந்து நிமிடத்துக்குள் ஏழு அளவீடு எடுங்கள். கிராப் தாளில் நேரம் கீழே, கோணம் பக்கவாட்டில். புள்ளிகள் ஒரு கோட்டில் வர வேண்டும். நேர் கிழக்கில் இருக்கும் பொருள் நம் ஊரில் நிமிடத்துக்கு 14.6 கலை ஏறும். தட்டில் அளக்கும்போது அது இரட்டிப்பாக 29 கலை.

ஒரு புள்ளி மட்டும் துள்ளினால் எவ்வளவு துள்ளுகிறது என்று பாருங்கள். சரியாக ஒரு பாகை என்றால் உருளையைப் படித்ததில் தவறு. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உருளை 59.4 காட்டும்போது, கருவியின் நகரும் கையிலுள்ள குறிக்கோடு, பாகைகள் பொறித்த வில்லின் மேல் அடுத்த பாகைக் கோட்டை ஏறத்தாழத் தொட்டுவிட்டிருக்கும். கண் அந்தக் கோட்டையே படிக்கும். 62 பாகை 59.4 கலை என்று எழுதுவார்கள். உண்மையில் அது 61 பாகை 59.4 கலை. பாதியாக்கிய பிறகு 30 கலை பிழை, அதாவது ஏறக்குறைய 56 கிலோமீட்டர். உருளை 55-க்கு மேல் நின்றால் எழுதுவதற்கு முன் ஒரு கணம் நிறுத்தி, கோடு உண்மையில் கடந்துவிட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உருளை 5-க்குள் நின்றாலும் இதே சந்தேகம் தேவை.

புள்ளிகள் எல்லாமே மேலும் கீழும் ஆடினால் எண்ணெயைப் பாருங்கள். நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டிய வீடுகளில் கனரக லாரி போகும்போது தட்டில் மெல்லிய வளையங்கள் ஓடும். கண்ணுக்குத் தெரியாது, குழாயில் பிம்பம் நடுங்கும். தட்டுக்குக் கீழே மடித்த சாக்கு போட்டால் குறையும். காற்றுக்கு நீரைவிட எண்ணெய் நல்லது, எண்ணெயைவிடப் பாகு நல்லது. இரு சக்கர வாகனப் பட்டறையில் வடித்த கறுப்பு எண்ணெய் காசில்லாமல் கிடைக்கும். காற்று அதிகமான ஆடியில் நான் கருப்பு வெல்லத்தைக் கெட்டியாகக் காய்ச்சி ஊற்றுகிறேன். அசையவே அசையாது, எறும்பு மட்டும் வரும். தட்டை நீர் ஊற்றிய பெரிய தாம்பாளத்தின் நடுவில் வைத்துவிட்டால் அதுவும் வராது. பாதரசம் வேண்டாம். அதன் ஆவி நஞ்சு, வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

காற்றுக்குக் கண்ணாடிக் கூரை போட்டிருந்தால், அந்தக் கண்ணாடியின் இரு முகங்களும் இணையாக இல்லாமல் இருக்கலாம். பாதி அளவீடுகளை ஒரு பக்கமாகவும் மீதியைக் கூரையைத் திருப்பி வைத்தும் எடுத்துச் சராசரி பாருங்கள்.

இன்னும் ஆடுகிறது என்றால் உருளையோடு சேர்ந்த திருகாணியின் தளர்வு. உருளையை எப்போதும் ஒரே திசையில் திருப்பி முடியுங்கள். தாண்டிவிட்டால் பின்னே வெகுதூரம் வந்து, மறுபடி அதே திசையில் நெருங்குங்கள். இதைச் செய்ததும் சிதறல் அடங்கினால் அந்தத் திருகாணி ஓடும் வில்லின் பல்லில் தேய்மானம் இருக்கிறது என்று குறித்து வையுங்கள்.

## தீர்க்கரேகை சரியாக வருகிறது, அட்சரேகை தடுமாறுகிறது

மாதத்தைப் பாருங்கள். சித்திரை இரண்டாம் வாரத்திலும் ஆவணி தொடக்கத்திலும் சூரியன் கிருஷ்ணகிரியின் உச்சந்தலை வழியே போகிறது. காலை முழுக்க அது கிழக்கிலேயே நிற்கும், மாலை முழுக்க மேற்கிலேயே. எத்தனை முறை அளந்தாலும் நிலைக்கோடுகள் எல்லாம் வடக்கு தெற்காக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். அவை வெட்டும் இடம் ஒரு கலைப் பிழைக்கே பல மைல் நழுவும். இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை, கருவியின் தவறும் இல்லை. வெயிலில் மூன்று நாள் நின்று கருவியைப் பிரித்துப் போட்ட ஒரு பிள்ளையை நினைத்து எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. அவன் வந்தது ஏப்ரல் மாதம்.

நண்பகலில் எடுத்தால் தீருமே என்றால், தட்டில் எடுக்க முடியாது. பெரும்பாலான செக்ஸ்டன்ட்டுகளின் வில் 120 பாகையைச் சற்றே தாண்டும். ஆகவே 60 பாகைக்கு மேல் உயர்ந்த சூரியனைத் தட்டில் அளக்க இயலாது. நம் ஊரில் நண்பகல் சூரியன் 60-க்குக் கீழே இருப்பது நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை மட்டுமே. டிசம்பர் 22 அளவில் 54 பாகை, தட்டில் 108. அந்த இரண்டரை மாதம்தான் நமக்கு நண்பகல் அட்சரேகைக் காலம், வீணாக்க வேண்டாம். நண்பகல் என்றதும் 12 மணிக்கு மாடியேறாதீர்கள். இந்திய நேரம் 82 பாகை 30 கலைக்கு உரியது. கிருஷ்ணகிரிக்கு அதைவிட 17 நிமிடம் தாமதம். அல்மனாக் தரும் கால வேறுபாட்டையும் (சூரியன் காட்டும் நேரத்துக்கும் சராசரிக் கடிகார நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்) சேர்த்தால் நவம்பர் முதல் வாரத்தில் 12.01 அளவில், பிப்ரவரி நடுவில் 12.31 அளவில் சூரியன் உச்சம் தொடும்.

மற்ற மாதங்களில் அட்சரேகைக்கு வடக்கே துருவ விண்மீன், தெற்கே அகத்தியர் (கனோபஸ்). அகத்தியர் இங்கே 25 பாகை உயரத்தில் தெற்கைக் கடக்கும், நல்ல பிரகாசம். துருவம் 12 பாகை அளவில்தான் நிற்கும். அவ்வளவு தாழ்வான ஒளி எண்ணெயில் நன்றாகவே பிரதிபலிக்கும், ஆனால் தட்டின் விளிம்பு மறைக்கும். அகலமான, ஆழமில்லாத தட்டு எடுத்து விளிம்பு வரை ஊற்றுங்கள்.

தாழ்வான பொருளுக்கு ஒளிவிலகலையும் கவனிக்க வேண்டும். அல்மனாக்கின் முதன்மை அட்டவணை 10 பாகை செல்சியஸ், 1010 மில்லிபாருக்கு உரியது. நாமோ கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய அரை கிலோமீட்டர் உயரத்தில், வெப்பமான காற்றில் இருக்கிறோம். துருவத்துக்கு இதனால் அரைக் கலை வேறுபடும். கூடுதல் திருத்த அட்டவணையில் வானிலைச் செயலி காட்டும் அழுத்தத்தைப் போடாதீர்கள்; அது கடல் மட்டத்துக்கு மாற்றி எழுதிய எண்.

## ஒரு விண்மீன் மட்டும் ஒத்துவரவில்லை

பெயர் தவறு. ஓரியனில் திருவாதிரையை எடுத்துவிட்டு அல்மனாக்கில் ரைஜெல் வரியைப் பார்ப்பது, சுவாதிக்கும் சித்திரைக்கும் மாறுவது, செவ்வாய் அருகே வந்திருக்கும் காலத்தில் கேட்டையோடு குழம்புவது. எண்ணெய்த் தட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வானத்தில் ஒரு விண்மீனைப் பிடித்து, எண்ணெயில் வேறொரு விண்மீனின் பிம்பத்தோடு பொருத்திவிடுவது. முன்கூட்டியே கணித்த உயரத்தை இரட்டித்துக் கருவியில் வைத்துக்கொண்டு தேடினால் இது நடக்காது. உயர்ந்து நிற்கும் மங்கிய விண்மீன்கள் எண்ணெயில் தெரியாது, அவற்றை விட்டுவிடுங்கள்.

எல்லா விண்மீன்களும் ஒன்றாக நிலையை மேற்கே சுமார் 14 கலை தள்ளினால், கையில் இருப்பது போன ஆண்டு அல்மனாக். நிலவில் மட்டும் பெரிய பிழை என்றால் அதன் இடமாறு தோற்றத் திருத்தம் (நிலவு அருகில் இருப்பதால், பார்க்கும் இடத்தைப் பொறுத்து அது இடம் மாறித் தெரிவதற்கானது), அல்லது மேல் விளிம்புக்குக் கழிக்க வேண்டிய 30 கலை.

## அணை நீரைத் தொடுவானமாக வைத்தால் பெரிதாகத் தவறுகிறது

கிருஷ்ணகிரி அணையின் நீர்ப்பரப்பைப் பார்த்ததும் எல்லோருக்கும் இந்த எண்ணம் வரும். நீர் முடிகிற கோடு தொடுவானம் அல்ல, எதிர்க்கரை. நீருக்கு மேல் கண் 10 மீட்டர் உயரத்தில் இருந்து, கரை 2 கிலோமீட்டரில் இருந்தால் உண்மைத் தாழ்கோணம் (கண்மட்டத்துக்குக் கீழே அந்தக் கோடு தெரியும் கோணம்) 17.6 கலை. கடலுக்கான அட்டவணையோ 5.6 தான் தரும். 12 கலை, 22 கிலோமீட்டர். தாழ்கோணத்தைக் கலையில் பெற, கண்ணுயர மீட்டரை 3.44-ஆல் பெருக்கிக் கரைத் தூரக் கிலோமீட்டரால் வகுங்கள்; அதோடு கிலோமீட்டரை 0.225-ஆல் பெருக்கிச் சேருங்கள். நீர்மட்டம் வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால் கண்ணுயரத்தை ஒவ்வொரு முறையும் புதிதாக அளக்க வேண்டும். நீரோரமாக இறங்கி நின்றால் பிழை வெகுவாகக் குறையும்.

## காலையில் சரி, உச்சி வெயிலுக்குப் பிறகு தவறு

பிளாஸ்டிக் செக்ஸ்டன்ட் என்றால் வெப்பம்தான். கருவி விரிந்து இன்டெக்ஸ் மாறும். அரை மணி நிழலில் வெளியே வைத்துப் பழக்கி, ஒவ்வொரு வரிசைக்கு முன்னும் பின்னும் இன்டெக்ஸை அளந்து சராசரி போடுங்கள். உலோகக் கருவியில் இப்படி வந்தால் வடிகண்ணாடியை மாற்றினீர்களா என்று பாருங்கள். வெவ்வேறு வடிகண்ணாடியோடு இன்டெக்ஸை அளந்தால் எது ஒளியை வளைக்கிறது என்று தெரியும்.

## கண்ணாடிகளைத் தொட வேண்டிய நேரம்

மேலே எதிலும் அகப்படாமல், இன்டெக்ஸ் 3 கலையைத் தாண்டியும் இருந்தால் மட்டும். வரிசை மாறக் கூடாது. கையை 35 பாகை அளவில் வைத்து, கையோடு நகரும் இன்டெக்ஸ் கண்ணாடியில் சாய்வாகப் பாருங்கள். வில்லும் அதன் பிம்பமும் ஒரே கோடாகத் தொடர வேண்டும், படி விழுந்தால் அந்தக் கண்ணாடி சாய்ந்திருக்கிறது. பிறகு பூஜ்யத்தில் ஒரு விண்மீனைப் பார்த்து உருளையை முன்னும் பின்னும் திருப்புங்கள். பிம்பம் விண்மீனின் மேலேயே ஏறி இறங்க வேண்டும், பக்கவாட்டில் போகக் கூடாது. கடைசியில் இன்டெக்ஸ். ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகாதீர்கள். எதிர்த்திருகாணி இருந்தால் முதலில் அதைத் தளர்த்துங்கள். பிந்தியதைத் திருகினால் முந்தியது கெடும், ஆகவே மறுபடி முதலிலிருந்து பாருங்கள்.

## பழுதுபார்ப்பவரிடம் எப்போது கொடுப்பது

பிழை உயரத்தோடு சேர்ந்து வளர்ந்தால். 20 பாகையில் அரைக் கலை, 40-இல் ஒன்று, 55-இல் இரண்டு என்று ஒழுங்காகப் போனால் கையின் மையம் வில்லின் மையத்தோடு பொருந்தவில்லை. கருவி கீழே விழுந்திருக்கலாம். பெட்டியின் உள்மூடியில் ஒட்டிய சான்றிதழில் ஒவ்வொரு கோணத்துக்கும் திருத்தம் எழுதியிருக்கும். முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். சான்றிதழ் சொல்வதோடு ஒத்துவரவில்லை என்றால் வீட்டில் செய்ய எதுவும் இல்லை.

கண்ணாடியின் வெள்ளிப்பூச்சு விளிம்பிலிருந்து கறுத்து உள்ளே வந்தாலும், உருளையைத் திருப்பும்போது ஓரிடத்தில் மட்டும் இடறினாலும், கை வளைந்திருந்தாலும் துறைமுக ஊர்களில் கடல்சார் கருவிகளைப் பழுதுபார்க்கிறவர்களிடம்தான் போக வேண்டும். நமக்குச் சென்னை பக்கம். பழுதுச் செலவு கருவியின் விலையை நெருங்கினால் விட்டுவிடுங்கள். பழைய கருவி வாங்கும்போதும் வில்லின் பல்லை நகத்தால் வருடிப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். நான் ஒரு முறை அப்படிப் பார்க்காமல் வாங்கிய கருவியில் 40 பாகை அருகே இரண்டு பற்கள் நசுங்கியிருந்தன.

கொண்டுபோகும்போது கையைப் பிடிப்பானில் பூட்டிப் பெட்டிக்குள் வையுங்கள். உங்கள் தாளையும் கூடவே கொடுங்கள். எந்த உயரத்தில் எவ்வளவு பிழை என்று பார்த்தால் அவருக்குப் பாதி வேலை மிச்சம். பஸ்ஸின் சாமான் அறையில் போடாமல், சென்னை வரை மடியிலேயே வைத்துக்கொண்டு போங்கள்.